பால்பல்லும் ஆறு வயதுப் பல்லும்: பெற்றோர் கேள்விகளுக்குப் பல் வைத்தியரின் பதில்கள்

ஊரெழு, தாய்: மகளுக்கு ஏழு மாதம். கீழ்ப்பல்லு ரெண்டு முளைச்சிருக்கு, வாற கிழமை பல்லுக்கொழுக்கட்டை. எப்ப பல்லுத் தீட்டத் தொடங்கலாம் டொக்டர்?

கொழுக்கட்டை கொட்டும்வரை பொறுக்க வேண்டாம், இன்றிரவே தொடங்குங்கள். மெல்லிய சிறிய பிறஷில் ஒரு அரிசியளவு பற்பசை போதும். காலையில் ஒருமுறை, படுக்கமுன் ஒருமுறை. மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணியளவு. பற்பசை வாங்கும்போது பெட்டியில் புளோரைட் 1000 பிபிஎம் அல்லது அதற்குமேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சிறுவருக்கென்று விற்கும் சிலவற்றில் அதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் புளோரைட்டே இராது. துப்பப் பழகிய பிள்ளை நுரையைத் துப்பினால் சரி, தண்ணீரால் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். ஏழு, எட்டு வயதுவரை பிறஷ் உங்கள் கையில் இருக்கட்டும்.

அச்சுவேலி, தாய்: ரெண்டு வயது மகன் பால்போத்தல் வாயில இல்லாமல் நித்திரை கொள்ளமாட்டான். மேல் முன்பல்லு நாலும் மண்ணிறமாகி உடையுது. கல்சியம் காணாதோ?

கல்சியக் குறைவில்லை அம்மா, இது போத்தலால் வந்த சூத்தை. நித்திரையில் எச்சில் சுரப்பது குறையும். பால்மாவும் அதில் போட்ட சீனியும் மேற்பல்லில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடியிருப்பதால் அவை தப்பிவிடும். இன்று முதல் சீனியை நிறுத்துங்கள். போத்தலில் இரண்டு நாளைக்கொருமுறை தண்ணீரைக் கூட்டிப் பாலைக் குறைத்து வந்தால் இரண்டு கிழமையில் வெறும் தண்ணீராகும். பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே விட்டுவிடுவார்கள். பாலைப் பகலில் கோப்பையில் கொடுங்கள். உடைந்த பற்களை இப்போதே காட்ட வேண்டும்.

சிறு குழந்தை உள்ள மற்றவர்களும் மாதம் ஒருமுறை மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். முரசோரம் சுண்ணாம்புபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சூத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் புளோரைட் பூச்சுப் பூசியே நிறுத்திவிடலாம்.

கரவெட்டி, அம்மம்மா: நான் பேரனுக்குச் சீனி குடுக்கிறேல்லை, பனங்கட்டிதான். அது பல்லுக்கு நல்லதுதானே?

பனங்கட்டியிலும் பெரும்பங்கு சுக்குரோசுதான், அதாவது சீனியில் இருக்கும் அதே இனிப்பு. சாப்பாட்டோடு ஒருமுறை கொடுங்கள். ஒவ்வொரு கடிக்கும் பிறகு அரை மணித்தியாலமளவு வாயில் அமிலம் நிற்கும், ஆகவே இடைக்கிடை கடிப்பதுதான் கூடுதல் கேடு.

கொக்குவில், தந்தை: ஆறரை வயது மகளின்ர கடைசிக் கடைவாய்ப்பல்லில கறுப்புக் குழி. பால்பல்லுத்தானே, விழட்டும் எண்டு விடலாமோ?

விட வேண்டாம். முன்பக்க நடுவிலிருந்து எண்ணிப் பாருங்கள்: ஐந்து பால்பல், ஆறாவது நிலையான பல். ஆறு வயதளவில் எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைப்பதால் பலர் அதைப் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அது போனால் வேறொன்று முளைக்காது. மேற்பரப்பில் ஆழமான பிளவுகள் உண்டு. முளைக்கும் காலத்தில் மற்றப் பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிறஷ் எட்டாது. கன்னப்பக்கமிருந்து குறுக்காக விட்டுத் தீட்டுங்கள். பழுதாகுமுன் பிளவுகளை அடைப்புப் பசையால் மூடுவதே சிறந்தது; குழி விழுந்துவிட்டதால் இப்போது நிரப்ப வேண்டும்.

ஐந்தாவது பால்பல்லாக இருந்தாலும் என் பதில் இதுதான். அது பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டிய பல். முந்திப் பிடுங்கினால் ஆறு வயதுப் பல் முன்னால் சரிந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடமில்லாமற் போகும். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் கிராம்பெண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வவுனியாவிலிருந்து இடம்பெயர்ந்து நல்லூரில் இருக்கும் தாய்: மகனின்ர முன்பல்லில மண்ணிறப் புள்ளி. கரி தேய்ச்சும் போகேல்லை.

வவுனியாவில் குடித்த கிணற்றுத் தண்ணீரில் கூடிய புளோரைட்டால், பல் உருவாகும்போதே மிளிரியில் (பல்லின் கடினமான மேற்படையில்) பதிந்த கறையாக இருக்கலாம். தேய்த்துப் போகாது, கரியால் பல்தான் தேயும். நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

சாவகச்சேரி, தந்தை: சைக்கிளால விழுந்து பல்லு வேரோட கழண்டால் என்ன செய்யிறது?

ஏழு, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் முன்பல் பெரும்பாலும் நிலையான பல். வெள்ளைத் தலையில் பிடியுங்கள், வேரைத் தொடவோ உரஞ்சவோ கூடாது. மண் இருந்தால் பாலில் ஒருமுறை அலசி, குழியில் திருப்பி வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கவிடுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் வைத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, ஒரு மணித்தியாலம் கடந்தால் மிகக் குறைவு. விழுந்தது பால்பல் என்றால் திருப்பி வைக்க வேண்டாம். உள்ளே வளரும் பல்லின் முளை பழுதாகும்.