உடைந்த ஷாஃப்ட்டை எந்தக் கல்லூரிக்கு எடுத்துச் செல்வது?

கேள்வி: கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோனோபிளாக் பம்புகளுக்கு இ.என். 8 ரக எஃகுக் கம்பியில் ஷாஃப்ட் கடைந்து தருகிறோம். சில மாதங்களாக, இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பக்கம், கீவே (சாவி பொருத்த வெட்டும் பள்ளம்) அருகே உடைந்த ஷாஃப்ட்டுகள் திரும்பி வருகின்றன. மெட்டீரியல் சரியில்லை என்கிறார் பம்ப் தயாரிப்பாளர். ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்கிறான் என் மகன். எங்களைப் போன்ற சிறிய ஆட்களை அங்கே உள்ளே விடுவார்களா? எப்படி அணுகுவது?

பதில்: தாராளமாக விடுவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் தொழில்துறையினருக்கு ஆலோசனை தரவும் ஆய்வுத் திட்டங்களை ஏற்கவும் தனி அலுவலகமே இருக்கிறது. அங்குள்ள உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளியாரின் மாதிரிகளையும் கட்டணம் பெற்றுச் சோதித்துத் தருகிறது. எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேட, 2020 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய 'ஐ-ஸ்டெம்' இணையதளம் உதவும். ஆனால் உங்கள் வேலைக்குச் சென்னை வரை போகத் தேவையிருக்காது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி (சி.ஐ.டி.) எல்லாம் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. பம்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் இருக்கும் பேராசிரியருக்கு இம்பெல்லர் பக்கம் உடைவது எப்படி என்று பாடம் நடத்த வேண்டியதில்லை.

எங்கே போவது என்பதற்கு முன்னால் ஒரு காரியம். உடைந்த துண்டுகளை இனி யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்ததும் இரண்டு முகங்களையும் பொருத்திப் பார்ப்பது நம் பட்டறைகளில் எல்லோரும் செய்வதுதான். அப்படி உரசும்போது முறிவு முகத்திலுள்ள நுண்ணிய தடயங்கள் நசுங்கிவிடும். பிறகு எவ்வளவு விலையுயர்ந்த நுண்ணோக்கியில் வைத்தாலும் தெரிவது நசுங்கிய உலோகம்தான். கம்பி பிரஷ் போடக் கூடாது, துருவைச் சுரண்டக் கூடாது. ஈரம் இருந்தால் சூடில்லாத காற்றில் உலர்த்தி, இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் போட்டு மூடுங்கள். எந்த பேட்ச் கம்பி, எத்தனை நாள் ஓடியது, பேரிங் நிலை எப்படி இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். நுண்ணோக்கிக்குள் முழு ஷாஃப்ட் போகாது, வெட்டித்தான் ஆக வேண்டும். அதை ஆய்வகமே செய்யட்டும். கேஸ் கட்டிங்கும் காய்ந்த கிரைண்டிங்கும் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் உலோகத்தின் உள்ளமைப்பே மாறிவிடும்.

பையில் போடும் முன் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒருமுறை பாருங்கள். கீவேயின் ஒரு மூலையிலிருந்து வழவழப்பான பகுதி ஒன்று விரிந்து, அதில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைவு வளைவாகத் தெரிந்தால், அது ஒரே நாளில் உடைந்ததல்ல. சுழலும்போது மாறி மாறி விழும் பளுவில் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. இதைத்தான் உலோகவியலில் சோர்வு முறிவு என்கிறார்கள். கடைசியாகப் பட்டென்று ஒடிந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்புப் பகுதி சிறியதென்றால் ஷாஃப்ட் மீது இருந்த பளு அதிகமில்லை என்று பொருள். அப்படியானால் என் சந்தேகம் முதலில் உங்கள் கீவே மூலையின் மேல்தான் விழும். மூலையைச் சிறு ஆரத்தில் வளைக்காமல் கூர்மையாக வெட்டியிருந்தால் அழுத்தம் அங்கேதான் குவியும். நீங்கள் விரல் போன்ற எண்ட் மில்லில் வெட்டுகிறீர்களா, சக்கரம் போன்ற வட்டக் கட்டரிலா என்று எழுதவில்லை. எண்ட் மில்லில் வெட்டிய கீவே செங்குத்தாக முடிவதால், வளையும் பளுவுக்கு அதுவே பலவீனமானது.

அதனால் கல்லூரிக்குப் போய் "எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். மருத்துவரிடம் வலியைச் சொல்லாமல் ஸ்கேன் எழுதித் தரக் கேட்பது போன்றது அது. கேட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். படம் கையில் இருக்கும், காரணம் இருக்காது. அதோடு, அந்தக் கருவியுடன் வரும் எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வு எஃகிலுள்ள கார்பனை நம்பகமாக அளக்காது. இ.என். 8-இன் பலமே ஏறத்தாழ 0.4 சதவீதக் கார்பனில் இருக்கிறது. மெட்டீரியல் சரியா என்பதுதான் தகராறு என்றால், ஊரிலுள்ள எந்த நல்ல ஆய்வகத்திலும் கிடைக்கும் ஸ்பெக்ட்ரோ சோதனையும் (உலோகத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளப்பது) கடினத்தன்மைச் சோதனையும் போதும். அவற்றை முதலில் முடித்துவிடுங்கள்.

பிறகும் விடை தெரியவில்லை என்றால் உலோகவியல் அல்லது இயந்திரவியல் துறையை அணுகுங்கள். "இந்த ஷாஃப்ட் ஏன் உடைகிறது?" என்பது சோதனைக் கேள்வியல்ல, ஆலோசனைக் கேள்வி, கட்டணமும் வேறு. வரைபடம், மோட்டாரின் குதிரைத்திறன், உடைந்த இடத்தின் புகைப்படம் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினால் பேராசிரியர் சீக்கிரம் முடிவு சொல்வார். கட்டண விவரத்தை எழுத்தில் கேளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்; நீங்கள் பதிவு பெற்றவரென்றால் அதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொள்ளலாம்.

எம்.இ. மாணவரின் புராஜெக்டாக எடுத்துக்கொள்வதாகவும் சொல்லக்கூடும். செலவு குறைவுதான். ஆனால் அது செமஸ்டர் கணக்கில் நகரும். பம்ப் தயாரிப்பாளர் அதுவரை பொறுக்க மாட்டார். பிஎச்.டி. மாணவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவருக்குத் தேவை இதுவரை யாரும் சொல்லாத புதிய விஷயம், கீவே மூலையில் புதிதாக எதுவும் இல்லை. நாளைக்கு நீங்களே புது வகை ஷாஃப்ட் வடிவமைத்தால் அப்போது ஆய்வுத் திட்டமாகப் போங்கள். காப்புரிமை யாருக்கு என்பதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, விண்ணப்பிக்கும் முன் ஆய்வுக் கட்டுரை வெளிவராமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடைசியாக, உங்கள் தகராறு. பல்கலைக்கழக ஆய்வகத்தின் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், எல்லா ஆய்வகங்களும் என்.ஏ.பி.எல். (சோதனை ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றவை அல்ல. பெற்றவற்றிலும் எல்லாச் சோதனைக்கும் அங்கீகாரம் இருக்காது. பம்ப் தயாரிப்பாளர் அந்த முத்திரை இல்லாத அறிக்கையை ஏற்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆய்வகத்தை இருவரும் சேர்ந்தே தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. திரும்பி வந்தவை எல்லாவற்றையும் அனுப்பிவிடாமல், இரண்டு மூன்று ஷாஃப்ட்டுகளை இருவர் கையெழுத்தோடு சீல் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். மறுசோதனை கேட்டால் கொடுக்க அவை வேண்டும்.