எல்லையூரில் பெட்ரா

அன்புள்ள ஐயா,

ஊருணிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மா அனுப்பிப் படித்தேன். சொந்த ஊர் தேவகோட்டை, வேலை பெங்களூரில். ராத்திரி சாப்பிட்டதும் 'சிவிலைசேஷன் 6' ஆடுவேன், ஊர்களைக் கட்டி ஒரு நாகரிகத்தை வளர்க்கிற கம்ப்யூட்டர் ஆட்டம். நீங்களும் ஆடுவதாக எப்போதோ எழுதியிருந்தீர்கள், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். என் தலைநகரத்தில் ப்ரொடக்‌ஷன் கொட்டுகிறது, கட்டுமான உழைப்புக்குப் பஞ்சமில்லை. எந்த வொண்டரையும் (உலக அதிசயக் கட்டடம்) பத்துப் பன்னிரண்டு டர்னில் (ஆட்டச் சுற்று) முடித்துவிடலாம். அதனால் எல்லாவற்றையும் அங்கேயே கட்டிவந்தேன். இப்போது டைல், அதாவது வரைபடத்தில் அறுகோணக் கட்டம், மிச்சமில்லை. எல்லையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது, சுற்றிலும் மணலும் மணற்குன்றும். பெட்ரா என்ற பாலைவன வொண்டரை அங்கே வைத்தால் நாற்பது டர்ன் காட்டுகிறது. அதற்குள் வேறு யாராவது முடித்துவிடுவார்கள். போன ஆட்டத்தில் ஒரே ஒரு டர்னில் பறிபோனது, முன்பு சேமித்து வைத்த பழைய சேவ்வுக்குப் போய் மறுபடி ஆடினேன். வொண்டரே வீண், அந்த உழைப்பில் படை திரட்டு என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்? ஆட்டத்தில் வரும் மீனாட்சி கோயில் வொண்டரைக் கட்டலாமா? ஏழாவது பதிப்பு வாங்கலாமா?

ஊரில் எங்கள் செட்டிநாட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதுவும் வொண்டர்தான், தப்பான டைலில் வைத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். திட்டினார்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

அப்பா திட்டியதில் தப்பே இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். மற்றதையெல்லாம் யூடியூபில் யாராவது படம் போட்டு விளக்கியிருப்பார்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். நண்பர்களை விடுங்கள், அவர்கள் ஆடுவது வேறு ஆட்டம். மீனாட்சி கோயிலைக் கட்ட நீங்கள் ஒரு மதத்தை நிறுவியிருக்க வேண்டும், புனிதத்தலத்தை ஒட்டிக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். கட்டினால் இரண்டு குருமார் வருவார்கள். மதத்தை வைத்து ஜெயிக்கும் எண்ணம் இல்லாமல் மதுரைப் பாசத்தில் கட்டுவதானால் வேண்டாம். ஏழாவது பதிப்பு 2025ல் வந்தது. விலை இறங்கட்டும், என்ன அவசரம்?

சேவ் விஷயத்தை மட்டும் அப்படி விட முடியாது. ஒரு டர்னில் பறிபோனால் காலத்தைப் பின்னால் ஓட்டிவிடுவீர்களா? பிறகு எதற்கு எதிராளி? தனியாக உட்கார்ந்து வீடு கட்டி விளையாட வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. கொட்டிய உழைப்பு போச்சு, அந்தக் கட்டம் மறுபடி காலி, இனி அங்கே என்ன வைக்கலாம் என்று கன்னத்தில் கை வைத்து யோசிக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் இந்த ஆட்டத்தின் ருசியே. அதைத் தொலைத்துவிட்டு என்னிடம் இடம் கேட்கிறீர்கள்.

சரி, இடம். ஐந்தாவது பதிப்பு வரைக்கும் இந்தக் கேள்விக்கே பெரிய வேலை இல்லை. வொண்டர்கள் ஊர் மையத்துக்குள் அடங்கிவிடும், எந்த ஊர் என்று மட்டும் முடிவு செய்தால் போதும். 2016ல் ஆறாவது பதிப்பு வந்தபோதுதான் அவை வெளியே வந்து வரைபடத்தில் ஆளுக்கொரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம். ஆரக்கிள் குன்றின்மேல்தான் உட்காரும். மச்சு பிச்சு மலையின் மேலேயே. ரூர் பள்ளத்தாக்குக்கு ஆற்றங்கரையும் வேண்டும், பக்கத்தில் ஆலையோடு கூடிய தொழிற்பேட்டையும் வேண்டும். கிரேட் ஜிம்பாப்வே கேட்பது மாட்டையும் சந்தையையும். அந்த விதியை எழுதியவர் நம் பக்கத்து மாட்டுத்தாவணி எதையோ பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். வைத்தபின் அந்தக் கட்டத்தில் வயல் கிடையாது, சுரங்கம் கிடையாது. நகர்த்தவும் முடியாது. கஜானாவில் எவ்வளவு தங்கம் இருந்தாலும் கொடுத்து வாங்கவும் முடியாது. அந்த ஊரே உழைத்துக் கட்டியாக வேண்டும்.

நீங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். எங்கே சீக்கிரம் முடியுமோ அங்கே கட்டுவது. அரசாங்கமும் அதைத்தான் செய்கிறது. பெரிய ஆஸ்பத்திரியா, சென்னை. ஆராய்ச்சி நிலையமா, சென்னை. கேட்டால் வசதி அங்கேதான் இருக்கிறது என்பார்கள். அங்கேயே கட்டிக்கொண்டிருந்தால் வசதி வேறெங்கே இருக்கும்?

இந்த எரிச்சல் எனக்கு வரும்போதெல்லாம் காரைக்குடியைத்தான் நினைத்துக்கொள்வேன். நீங்கள் தேவகோட்டைக்காரர், சிக்ரி வாசலை பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்ற முழுப்பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. சுதந்திரம் வந்த கையோடு நாட்டின் தேசிய ஆய்வுக்கூடங்களை எங்கெங்கே அமைப்பது என்று பேசிய காலம். டெல்லி, புனே, ஜாம்ஷெட்பூர் என்று போகிற அந்த வரிசையில் காரைக்குடிக்கு என்ன வேலை? ஆறில்லை, துறைமுகம் இல்லை, பெரிய ஆலை இல்லை. செம்மண்ணும் சரளையும், மழை பெய்தால் ஊருணி, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. உங்கள் ஆட்டத்தில் அந்தக் கட்டத்தின்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் இங்கே வைக்க முடியாது என்று சிவப்பாகத்தான் காட்டும்.

கோட்டையூரில் 1909ல் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தருகிறேன், இங்கே வையுங்கள் என்றார். அன்றைய 15 லட்சம். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இந்தக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும், சிலை வைத்திருக்கிறோம், மாலை போடுகிறோம். ஆனால் அதில் இருக்கிற யோசனையை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். ஆய்வுக்கூடம் தனியாக வந்து பொட்டலில் உட்காரவில்லை. அதற்கு முன்பே, 1947ல், கலைக்கல்லூரியைத் தொடங்கிவிட்டார். 1952ல் பொறியியல் கல்லூரி. 1957ல் அவர் காலமாகிவிட்டார். 1985ல் அது அழகப்பா பல்கலைக்கழகம் வரை போயிற்று. உங்கள் ஆட்டத்தில் ஒரு வொண்டரை ஒட்டி நாடகச் சதுக்கத்தை வைத்தால் அதற்குக் கலாசாரப் புள்ளி கூடுமே, அதே கணக்கு. வொண்டரை வைக்கும்போதே அதன் ஆறு பக்கமும் என்ன வரும் என்று அந்த மனிதர் பார்த்திருக்கிறார். நிபந்தனை பொருந்தும் கட்டம் எது என்று தேடவில்லை. இருக்கிற கட்டத்துக்கு நிபந்தனையை வாங்கிக்கொடுத்தார்.

கானாடுகாத்தான்காரரான அண்ணாமலைச் செட்டியார் இதற்கு முன்பே பல்கலைக்கழகம் கண்டவர்தான். 1929ல், சிதம்பரத்தில். அது பெரிய காரியம், குறை சொல்ல நான் யார்? தில்லைக்குப் போகாமல் நம் ஊரைச் சுற்றி ஒரு முப்பது மைலுக்குள் வைத்திருக்கலாமே என்று ஆதங்கப்படும் கிழவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களோடு சேர்ந்து நானும் கொஞ்சம் ஆதங்கப்படுவேன், அவ்வளவுதான்.

பள்ளியில் படித்தபோது எங்களை சிக்ரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் பொதுமக்களைப் பார்க்க விடுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், கண்ணாடித் தொட்டியில் மயில்துத்த நிறத்தில் ஏதோ கரைசல், இரண்டு பக்கமும் கம்பி. யாரிடமாவது இரும்புச் சாமான் இருக்கிறதா என்று கேட்டார். என் கால்சட்டைப் பையில் நெல்லுக் குதிர் அறையின் பழைய சாவி இருந்தது, அப்பத்தாவிடம் கேட்காமல் எடுத்தது. கொடுத்தேன். கம்பியில் மாட்டி உள்ளே இறக்கினார். கரைசலுக்குள் சாவியைச் சுற்றி ஒன்றும் நடக்கவில்லை. கொதிக்கவில்லை, புகையவில்லை. வெளியே எடுத்தபோது பல் பல்லாக, துரு இருந்த குழிவரைக்கும், புதுச்செம்பு நிறம். ஈரம் காயாமலே வீட்டுக்கு ஓடினேன். அப்பத்தா விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏண்டா, பூட்டுக்குள்ள போகுமா இது?" என்றாள். போனது. கொஞ்ச நாளில் செம்பு தேய்ந்து பழைய இரும்பு எட்டிப் பார்த்தது, ஆனால் அதற்குள் தெருவில் பாதிப் பேர் வந்து அந்தச் சாவியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். என்னோடு வந்த பையன்களில் வேதியியல் படிக்கப்போனவர்கள் உண்டு. அங்கேயே தோட்ட வேலைக்கும் காவல் வேலைக்கும் போனவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளில் சிலர் இன்று கோட்டு போட்டுக்கொண்டு அதே வளாகத்துக்குள் நடக்கிறார்கள். சென்னையில் இருந்திருந்தால் இன்னும் பெயர் வாங்கியிருக்கும் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. எழுந்து போய்விடுவேன்.

இப்போது உங்கள் வீடு. பூட்டிக் கிடக்கிறது என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். அதை எழுதும்போது என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முகப்புக் கதவை வருஷத்துக்கு ஒருமுறை திறந்தால் வளவில் வௌவால் எச்சம், இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து முற்றத்தில் செடி. அந்த வேதனை உண்மை. ஆனால் தப்பான டைல் என்று சொன்னீர்களே, அது அரைகுறைப் பேச்சு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் சம்பாதித்ததை ரங்கூனிலேயே மாளிகையாக்கியிருக்கலாம். கடைக்கும் தொழிலுக்கும் வேண்டியதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, தேக்கை மரக்கலத்தில் ஏற்றி இந்தப் பொட்டலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். கூரையில் விழும் மழை முழுக்க முற்றத்தில் இறங்கி அண்டாவில் நிறைந்து, மிச்சம் கால்வாயில் ஓடும். இடம் பார்க்கத் தெரியாதவர்களா கட்டினார்கள்?

பிசகு வேறு இடத்தில். வொண்டருக்குப் பக்கத்திலும் வொண்டர், அதற்குப் பக்கத்திலும் வொண்டர். தெரு முழுக்க மாளிகை, நடுவே பட்டறை இல்லை, ஆலை இல்லை. வருமானம் முழுக்கக் கடல் தாண்டி. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941ல் எழுந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. வாணிபப் பாதை அறுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் தூண் ஒன்றாக, கதவு ஒன்றாக முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளுக்குப் போனதைத்தான் பார்த்தோம். தரைக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடியைப் பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, வர்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே உள்ளூர் மணலும் சிமெண்டும் கொட்டி அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. அந்தப் பட்டறைகள் இன்றும் ஓடுகின்றன. மாளிகையை ஒட்டி வைத்த தொழிற்பேட்டை என்றால் அதுதான். நான்கு ஊருக்கு நான்கு இப்படி இருந்திருந்தால் உங்கள் அப்பா பெங்களூருக்குப் பிள்ளையை அனுப்பியிருப்பாரோ என்னவோ.

பெட்ராவுக்கு வருகிறேன். அதை எல்லையூரில்தான் கட்ட வேண்டும். யோசிக்க ஒன்றுமே இல்லை. அதன் பலன் அந்த ஊரின் பாலைக் கட்டங்களுக்கு மட்டும்: கட்டத்துக்கு இரண்டு உணவு, இரண்டு தங்கம், ஒரு ப்ரொடக்‌ஷன். உங்கள் தலைநகரத்தில் மணல் இல்லையென்றால் பெட்ராவை வைக்க ஆட்டமே விடாது.

நாற்பது டர்ன் என்று காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். எல்லையூரிலிருந்து தலைநகரத்துக்கு வணிகர்களை அனுப்புங்கள். உள்நாட்டு வணிகத்தில் லாபம் கிளம்பிய ஊருக்குத்தான் வரும், போகிற ஊரில் பேட்டைகள் (புனிதத்தலம், தொழிற்பேட்டை, நாடகச் சதுக்கம் போன்றவை) அதிகமாக இருந்தால் அதிகமாகவே வரும். பெரிய ஊரில் சம்பாதித்துச் சின்ன ஊருக்குக் கொண்டுவருவது உங்கள் வீட்டில் யாருக்கும் புதிதில்லை. கோர்வே கொள்கையைப் போடுங்கள், பழங்கால வொண்டர்களுக்கு 15 சதவீதம் கூடும். மேக்னஸ் என்ற ஆளுநரை அங்கே உட்காரவைத்துவிட்டு ஊர் எல்லையில் இருக்கிற காட்டை வெட்டுங்கள், வெட்டியதன் பலன் ஒன்றரை மடங்காக வரும். நாற்பது இருபதுக்குக் கீழே இறங்கும் என்பது என் கணிப்பு.

முக்கியமாக, பெட்ராவைச் சமதள மணலில்தான் வைக்க முடியும், குன்றில் முடியாது. அதனால் சமதளத்தில் ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டு, மணற்குன்றுகள் அத்தனையையும் சுரங்கத்துக்கு விடுங்கள். பேட்டைகளைப் பாலை இல்லாத கட்டங்களில் வையுங்கள். பலர் பெட்ராவையும் கட்டிவிட்டு, பலன் தரவேண்டிய அதே மணலின்மேல் வரிசையாகப் பேட்டை கட்டி மூடிவிடுகிறார்கள். இப்போதே வரைபடத்தில் குறி போட்டு வையுங்கள். ஒரு டர்னில் பறிபோனால் சேவ்வைத் தொடாமல் மேலே ஆடி, அந்தக் காலிக் கட்டத்தில் என்ன வைத்தீர்கள் என்று எழுதுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறீர்கள்தானே? இரண்டாம் கட்டில் ஓடு மாற்ற ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் தெருவில் நல்ல கொத்தனார் ஒருவர் இருக்கிறார், கூலி கொஞ்சம் கூடக் கேட்பார்.