ஒரே திரையில் இரண்டு சப்டைட்டில்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஜெர்மன் பி1 தேர்வுக்குப் படிக்கிறேன். படம் பார்க்கும்போது ஜெர்மன், தமிழ் சப்டைட்டில் இரண்டும் வேண்டும். விஎல்சி வீடியோ பிளேயரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது போய்விடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: விஎல்சியின் 3-ஆம் வரிசைப் பதிப்புகளில் ஒரு நேரத்தில் ஒரு சப்டைட்டில்தான் தேர்ந்தெடுக்க முடியும். அங்கே எந்த மெனுவைத் தேடினாலும் பயனில்லை. இந்த வேலைக்கு எம்பிவி (mpv) பிளேயர் நல்லது, இலவசம்தான்.

வீடியோவும் இரண்டு சப்டைட்டில்களும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். மூன்றுக்கும் ஒரே பெயர் வையுங்கள். சப்டைட்டில் பெயர்களில் மட்டும், கடைசிப் புள்ளிக்கு முன்னால் மொழிக் குறியீடு வரவேண்டும்: ஜெர்மனுக்கு டி, இ (de) என்ற இரண்டு எழுத்துகள்; தமிழுக்கு டி, ஏ (ta). அப்போது எம்பிவி தானாகவே இரண்டையும் எடுத்துக்கொள்ளும். பிறகு அதன் அமைப்புகளை எழுதும் கான்ஃபிக் கோப்பில் (mpv.conf) இரண்டு வரிகள்: முதல் வரி sid=1, அடுத்த வரி secondary-sid=2. முதலாவது கீழேயும் இரண்டாவது திரையின் உச்சியிலும் வரும். மொழிகள் இடம் மாறியிருந்தாலோ, வீடியோவுக்குள்ளேயே வேறு சப்டைட்டில் இருந்தாலோ எஃப்9 அழுத்திப் பட்டியலைப் பாருங்கள். அங்கே உள்ள எண்களை வைத்து வரிகளைத் திருத்துங்கள். ஆல்ட்டுடன் வி அழுத்தினால் மேல் வரி மறையும், மறுபடி அழுத்தினால் வரும். முதலில் ஜெர்மனை மட்டும் படித்துவிட்டு, புரியாத இடத்தில் தமிழைத் திறந்து பார்க்க இந்த ஒரு விசை போதும். கற்கும் மொழி கீழே இருப்பதே நல்லது. கண் முதலில் போவது அங்கேதான்.

ப்ளூரே, டிவிடியிலிருந்து எடுத்த சப்டைட்டில்கள் பெரும்பாலும் எழுத்தல்ல, படங்கள். அவற்றை இரண்டாவதாக வைத்தால் எம்பிவியால் மேலே நகர்த்த முடியாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற மென்பொருளில் ஓசிஆர் செய்து (படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுத்து) எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். தமிழில் பிழைகள் வரும். ஒருமுறை படித்துத் திருத்துவது அவசியம்.

இரண்டு மொழியும் ஒரே கோப்பில் வேண்டுமென்றால் ஏஜிசப் (Aegisub) மென்பொருளில் இணைக்கலாம். தமிழ்க் கோப்பைத் திறந்து, ஸ்கிரிப்ட் ப்ராப்பர்டீஸில் அளவை 1920, 1080 என்று வையுங்கள். எழுத்தின் அளவு இதை வைத்தே கணக்காகிறது. இதை விட்டுவிட்டால் எழுத்து பூதாகாரமாகவோ கடுகாகவோ வரும். ஸ்டைல்ஸ் மேனேஜரில் ‘டீஃபால்ட்’டை நகலெடுத்து, ‘மேல்’ என்று பெயரிட்டு, அலைன்மென்ட் 8 (மேல் நடு), எழுத்தளவு 50, ஃபான்ட் நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று அமையுங்கள். கீழே வரப்போகும் ‘டீஃபால்ட்’டுக்கு அலைன்மென்ட் 2 (கீழ் நடு), அளவு 60. கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லா வரிகளுக்கும் ‘மேல்’ ஸ்டைலைக் கொடுங்கள். இன்னொரு ஏஜிசப் ஜன்னலில் ஜெர்மன் கோப்பைத் திறந்து, எல்லா வரிகளையும் நகலெடுத்து இங்கே ஒட்டி, எழுத்தின் இடத்தையும் அளவையும் சேர்த்து வைக்கும் ஏஎஸ்எஸ் வடிவில் சேமியுங்கள்.

இரண்டையும் கீழேயே அடுக்க ஆசைப்பட வேண்டாம். இரு மொழி வரிகளும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிவதில்லை. ஒன்று மறையும்போது மற்றது இடம் மாறிக் குதிக்கும். பத்து நிமிடத்தில் கண் வலிக்கும். பின்லாந்துத் திரையரங்குகளில் பின்னிஷும் சுவீடிஷும் ஒன்றாகக் கீழேதான் வருகின்றன. அங்கே இரண்டையும் ஒரே நேரக்கணக்கில் எழுதுவதால் சரியாக நிற்கிறது.

கேள்வி: ஆங்கிலம் சரியாக வருகிறது. தமிழ் வரி முதலில் ஒத்துப்போய், போகப் போக முந்திக்கொண்டு வருகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: இணைப்பதற்கு முன்பே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிபார்த்திருக்க வேண்டும். இணைத்த பிறகு ஒன்றை மட்டும் நகர்த்துவது இரட்டை வேலை. 5-ஆவது நிமிடத்தில் ஒரு வசனத்தையும் படத்தின் கடைசியில் ஒரு வசனத்தையும் பாருங்கள். இடைவெளி இரண்டிலும் ஒன்றே என்றால் மொத்தமாக நகர்த்தினால் தீர்ந்தது. விஎல்சியில் சோதிக்க ஜி, எச் விசைகள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் 50 மில்லிநொடி.

உங்களுடையது வளரும் இடைவெளி. நொடிக்கு 25 பிரேம் ஓடும் பதிப்புக்கு எழுதிய சப்டைட்டிலை 23.976 பிரேம் வீடியோவில் போட்டால் இப்படித்தான் ஆகும்: 60-ஆவது நிமிட வசனம் சுமார் 2 நிமிடம் 27 நொடி முன்னதாக வரும். சப்டைட்டில் எடிட்டில் பிரேம் ரேட் மாற்றும் பகுதியில் 25-லிருந்து 23.976 என்று கொடுங்கள். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று தாவினால், அது படத்தின் வேறு வெட்டுப் பதிப்புக்கான (சில காட்சிகள் கூடவோ குறையவோ உள்ள) கோப்பு. வேகத்தை மாற்றிப் பயனில்லை. அந்த வரியிலிருந்து கடைசிவரை தேர்ந்தெடுத்து நகர்த்த வேண்டும்.

கேள்வி: பென்டிரைவில் போட்டால் டிவியில் இரண்டும் கீழே ஒட்டிக்கொள்கின்றன. இன்னொரு பழைய தமிழ்க் கோப்பு ஆங்கில எழுத்துகளாகவே தெரிகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பல டிவிகள் ஏஎஸ்எஸ் கோப்பின் இட அமைப்பைக் கண்டுகொள்வதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் வீடியோவைத் திறந்து, சப்டைட்டில் பகுதியில் இணைத்த கோப்பைச் சேர்த்து, ‘பர்ன் இன்’ தேர்ந்தெடுங்கள். எழுத்து படத்தோடு பதிந்துவிடும். பின்னால் அதை நீக்க முடியாது என்பதால் மூல வீடியோவை அழித்துவிடாதீர்கள்.

பழைய கோப்பு பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கும். நேர வரிகளைத் தொடாமல், வசன வரிகளை மட்டும் என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடாக மாற்றி, நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று சேமித்தால் சரியாகும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மட்டும் குறை ஃபான்ட்டில். அதற்கு எழுத்துரு மாற்றினால் போதும்.