மாமியாருக்கு அக்கி; வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தா?

கேள்வி: எனக்கு இது நான்காவது மாதம். மாமியாருக்குச் சென்ற வாரம் விலாவில் அக்கி கண்டு, வேளார் வந்து காவியால் எழுதிவிட்டுப் போனார். என் இரண்டு வயது மகன் அவர் மடியை விட்டு இறங்குவதில்லை. இந்த வைரஸ் வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தாக்கும் என்று படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. உண்மையா, டாக்டர்?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: சகோதரி, உங்களுக்குச் சிறு வயதில் சின்னம்மை வார்த்திருந்தால் இந்த அக்கியால் உங்கள் பிள்ளைக்கு அச்சமில்லை. முன்பு வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்து மீண்டும் வெளிப்படுவதே அக்கி. உங்களுக்கு அம்மை வந்ததா என்பது தெரியாவிட்டால், உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எதிர்ப்பாற்றல் இல்லாத தாய்க்கு முதல் 20 வாரங்களுக்குள் சின்னம்மை கண்டால், நூற்றில் சுமார் இரண்டு பிள்ளைகள் வரை கண்ணிலோ கை கால்களிலோ மூளையிலோ பாதிப்புடன் பிறக்கக்கூடும். கொப்புளங்கள் பக்குக் கட்டும் வரை மாமியார் அவற்றைத் துணியால் மூடிவைக்கட்டும். சின்னம்மைத் தடுப்பூசி போடாதிருந்தால் மகனும் அவற்றைத் தொட வேண்டாம். காவி வைரஸைத் தடுக்காது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையே நல்ல பயன் தரும். அந்த நேரம் கடந்திருந்தாலும் அவரை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது மாமியாரை அன்று, மகனை. அக்கி வைரஸ் சேர்ந்த ஹெர்பிஸ் குடும்பத்தில் சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று உண்டு. அது சிறு குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும், எந்த நோய்க்குறியும் இல்லாமலே, மாதக்கணக்கில் வெளிவரும். கருவின் மூளைக்குள் இருக்கும் நீரறைகளின் சுவரை ஒட்டிய மூல அணுக்களே நரம்பணுக்களை உருவாக்குகின்றன. அப்படிப் பிறந்த அணுக்கள், கொடி கொம்பைப் பற்றி ஏறுவதுபோல, நீண்ட இழை அணுக்களைப் பற்றிக்கொண்டு மூளையின் மேற்பரப்புக்கு ஏறுகின்றன. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்துவரும் இந்த வைரஸ் அந்த மூல அணுக்களுக்குள்ளேயே புகுவதால், நரம்பணுக்களின் எண்ணிக்கை குறைகிறது, ஏறிய அணுக்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன, தலை சிறுத்துப்போகிறது; நீரறைகளைச் சுற்றிச் சுண்ணாம்புப் படிவுகள் ஸ்கேனில் வெண்புள்ளிகளாகத் தெரிகின்றன. முதல் மூன்று மாதங்களில் தொற்றினால் சேதம் மிகுதி. நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு இது இளமையிலேயே தொற்றியிருக்கும். அது ஆபத்தைக் குறைக்குமே தவிர, முற்றிலும் நீக்காது.

இதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆகவே மகன் கடித்து மீந்த கந்தரப்பத்தை வீணாகுமே என்று நீங்கள் வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள் (எந்தத் தாய்க்கும் கை போகும், அறிவேன்). அவன் ஈரத்துணியை மாற்றியதும் சோப்பால் கை கழுவுங்கள். முத்தம் நெற்றியில் இருக்கட்டும். அவனைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

உதட்டோரக் கொப்புளம் தரும் வைரஸும் இதே குடும்பம்தான். அது கருவறைக்குள் தொற்றுவது அரிது. பெரும்பாலும் பிரசவ வழியில் தொற்றும். பிறப்புறுப்பில் புண் கண்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அறுவைப் பிரசவம் தேவைப்படலாம். பிள்ளை பிறந்ததும் வீட்டுக் கூடமான பட்டாசாலை நிறைய உறவினர் கூடுவார்கள். உதட்டில் புண் உள்ளவர் எவ்வளவு நெருங்கியவரானாலும் பிள்ளையை முத்தமிட விடாதீர்கள். முதல் ஆறு வாரங்களில் காய்ச்சலோ வலிப்போ வந்தாலும், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூளையில் தொற்று என்றால் அசைக்ளோவிர் மருந்தைக் குறைந்தது 21 நாட்கள் இரத்தக் குழாய் வழியே செலுத்த வேண்டியிருக்கும்.

சைட்டோமெகலோ வைரஸ் காதையும் பாதிக்கக்கூடும் என்பதால், பிறந்த பிள்ளைக்குக் காது கேட்கும் சோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். அதில் ஐயம் எழுந்தால், சைட்டோமெகலோவுக்கான எச்சில் அல்லது சிறுநீர்ப் பரிசோதனையைப் பிறந்த 21 நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின் எடுத்தால், தொற்று வயிற்றிலேயே வந்ததா பிறந்தபின் வந்ததா என்பதைப் பிரித்தறிய முடியாது.