நான்கு பேரின் கைகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மகன் வீட்டுக்கு அமெரிக்கா சென்றிருந்தபோது, இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ வாசிக்கும் நால்வர் குழுவான க்ரோனோஸ் குவார்டெட்டின் ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரிகளில் ஒன்றைக் கேட்டேன். நீங்கள் அந்தக் குழுவைப் பற்றி ஆசையோடு எழுதியதைப் படித்துத்தான் டிக்கெட் வாங்கச் சொன்னேன். ஆனால் மனம் நிறையாமல் வெளியே வந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்று, ஆர்க்டிக் பனிப்பகுதியிலிருந்து ஒன்று, நம் ஊர்ப்பக்கத்து மெட்டு ஒன்று, இன்றைய அமெரிக்கப் படைப்பு ஒன்று. எதிலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

நான் பன்னிரண்டு ஆண்டுகள் கர்நாடக வயலின் கற்றவள். தோடி ராகத்தை மட்டும் என் குருநாதர் ஓராண்டு சொல்லிக்கொடுத்தார். அப்படி வளர்ந்த காதுக்கு இந்தப் பன்மை கண்காட்சியாகத் தோன்றுகிறது. தவிர, வாய்வழியாக வந்த இசையை நொட்டேஷனில் (இசைக்குறிப்பில்) எழுதி நான்கு மேலைக் கருவிகளிடம் கொடுத்தால் அதன் உயிர் எங்கே தங்கும்? மகன் மேலை முறையில் வயலின் வாசிப்பவன், மருமகள் செல்லோ. அவர்களிடம் இதைக் கேட்டேன். "அம்மா, உங்களுக்குப் பழக்கமில்லை" என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

எனக்கும் அந்தப் பதில் போதவில்லை. உங்கள் கேள்வி பழக்கத்தைப் பற்றியதே இல்லை. ஓராண்டு தோடியில் இருந்த காது, "இவர்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்கிறது. நியாயமான கேள்வி. நான் அந்தக் குழுவை நேசிக்கிறவன் என்பதால் இதற்குப் பதில் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

குழு பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 1973ஆம் ஆண்டு சியாட்டில் நகரத்தில் டேவிட் ஹாரிங்டன் என்ற இளம் வயலின் கலைஞர் வானொலியில் ஒரு படைப்பைக் கேட்டார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் க்ரம் 1970இல் எழுதிய 'பிளாக் ஏஞ்சல்ஸ்'. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அந்தப் போரின் நிழலில் எழுதப்பட்டது. அதில் கலைஞர்கள் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லிழுக்க வேண்டும், பல மொழிகளில் எண்களை உரக்கச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'மரணமும் கன்னியும்' மெட்டு வருகிறது. அங்கே கருவியைத் தோளிலிருந்து எடுத்து நிமிர்த்திப் பிடித்து, இடதுகை விரல்களுக்கு அந்தப் பக்கம், கழுத்தோரமாக வில்லைப் போட வேண்டும். பழகிய வயலின் ஒலி மறைந்து எங்கோ பழைய காலத்து வாத்தியம் ஒன்று வாசிப்பதுபோல் கேட்கும். ஹாரிங்டன் இந்த ஒரு படைப்பை வாசிப்பதற்காகவே குழுவைத் தொடங்கினார்.

பிடிக்கும் முறையை மாற்றச் சொன்ன ஓர் இசைக்காகத் தோன்றிய குழு அது. ஆண்டு விழாவுக்காக நாடுகளைத் திரட்டி வந்த குழுவாக அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நீங்கள் எப்படி வயலின் பிடிக்கிறீர்கள்? தரையில் சம்மணமிட்டு, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, அடிப்பகுதியை மார்பில் சாய்த்து, ச-ப-ச-ப என்று சுருதி கூட்டி. உங்கள் மகன் தாடைக்கும் தோளுக்கும் இடையில் வைத்து வேறு சுருதியில் வாசிக்கிறார். ஒரே மரப்பெட்டி, ஒரே நான்கு தந்திகள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடமிருந்து இந்த வாத்தியத்தைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் அதை எடுத்துக்கொண்டார். (நம்மிடமும் ஒரு புகழ்பெற்ற நால்வர் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கும்.) சுரத்தை அசைத்து வளைக்கும் நம் கமகத்துக்கு அந்த வாத்தியம் வளைந்துகொடுத்தது. வளைத்தவை சில கைகள். கருவி எந்த ஊரில் செய்யப்பட்டது என்பதை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

க்ரோனோஸைக் கேட்கும்போது நான் பார்ப்பதும் இதைத்தான். எத்தனை நாடு என்று எண்ணுவதில்லை. இந்தப் படைப்புக்காக இவர்களுடைய கை மாறியிருக்கிறதா என்று கேட்கிறேன்.

2009இல் வந்த அவர்களுடைய 'ஃப்ளட்ப்ளெய்ன்' இசைத்தொகுப்பில், வட இந்திய வில்வாத்தியமான சாரங்கியின் மேதை ராம் நாராயணின் மிஸ்ர பைரவி ஆலாபனை இருக்கிறது. குழுவின் ஹாங்க் டட் அதை, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவில் வாசிக்கிறார். சாரங்கிக்காரர் தந்தியைப் பலகையோடு அழுத்துவதில்லை. நகத்தின் அடியோரத்தைத் தந்தியின் பக்கவாட்டில் உரசி நகர்த்துகிறார். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே படிகளே இருக்காது. வயோலாக்காரர் விரல் நுனியால் பலகையில் அழுத்திப் பழகியவர். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு வழுக்கினால், நம் காதுக்கு உடனே போலி என்று தெரிந்துவிடும். டட் வாசிப்பைக் கேளுங்கள். விரலின் எடை குறைந்திருக்கிறது. வில் மூச்சுப்போல் நீள்கிறது. ராம் நாராயணுக்கு நிகர் என்று சொல்ல மாட்டேன், டட்டும் அப்படி நினைத்திருக்க மாட்டார். ஆனால் அந்த ஆலாபனைக்குள் அவர் நேரம் செலவழித்திருக்கிறார்.

இன்னொன்று, என் மனதுக்கு மிக நெருக்கமானது. ஹம்ஸா எல் தீன், தெற்கு எகிப்திலும் வடக்கு சூடானிலும் பரந்த நூபியாவைச் சேர்ந்தவர்; ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியக் கலைஞர். அஸ்வான் அணை வரப்போகிறது, நைல் கரையோரத்து நூபிய ஊர்கள் மூழ்கப்போகின்றன என்று தெரிந்ததும், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு ஊர் ஊராகச் சென்று பாடல்களைச் சேகரித்தவர். அவர் பிறந்த தோஷ்காவும் நீருக்குள் போனது. பிறகு அமெரிக்காவில் வாழ்ந்தபோது, மாடுகள் சுற்றிச் சுற்றி இழுக்கும் நீர்ச்சக்கரத்தை நினைத்து 'எஸ்கலாய்' என்ற இசையை அமைத்தார். நூபிய மொழியில் நீர்ச்சக்கரம் என்றே பொருள். அதன் குவார்டெட் வடிவம் 1992இல் வெளிவந்த 'பீசஸ் ஆஃப் ஆஃப்ரிக்கா' தொகுப்பில் இருக்கிறது. ஹம்ஸாவே 'தார்' என்ற பெரிய கஞ்சிரா போன்ற தோல்கருவியோடு அதில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே சிறு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். மேலை முறையில் பயின்றவருக்கு, சொன்னதையே சொல்லும்போது கொஞ்சம் வளர்க்க வேண்டும், உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கை துடிக்கும். இங்கே அந்தத் துடிப்பை அடக்கினால்தான் சக்கரம் சுழலும். ஏற்றப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு நிமிடம் போல ஓடும் இந்த இசைக்கு நடுவில், எந்த ஊரின் இசையைக் கேட்கிறோம் என்ற நினைவே எனக்கு அற்றுப்போய்விடும். நீரும் மாட்டின் நடையும் மட்டும் இருக்கும்.

நொட்டேஷனைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். எழுத்தில் பிடிபடாதது உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் எழுதச் சொன்னார்கள் என்பதும் ஒரு கேள்வி. கனடாவின் வடகோடியைச் சேர்ந்த தான்யா தகாக் இனுயிட் மக்களின் தொண்டைப்பாட்டுக் கலைஞர். மரபில் இரண்டு பெண்கள் முகத்தோடு முகம் நின்று மூச்சை மாற்றி மாற்றிப் பாடுவது அது. தகாக் அதைத் தனியாகப் பாடுபவர். க்ரோனோஸ் அவரிடம் படைப்புக் கேட்டபோது அவர் நொட்டேஷன் எழுதவில்லை, பாடிக்கொடுத்தார். அதை இசைக்கலைஞர் ஜேக்கப் கார்ச்சிக் நான்கு கருவிகளுக்கும் பிரித்து எழுதினார். 'சிவுனிட்டின்னி' என்பது அதன் பெயர். வில்லை அழுத்தி, தந்தி கரகரக்க, மூச்சு வாங்குவதுபோல் வாசிக்கிறார்கள். அழகான ஒலி என்று நாம் பழகியிருக்கும் எதுவும் அதில் இல்லை. படைத்தவர் பெயர் தகாக், பாடியவர் தகாக். ஐரோப்பியர் ஒருவர் தொலைவில் கேட்டதைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட பழைய கதைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்.

எழுத்தை விட்டவரை எழுத்துக்குத் திரும்ப அழைத்து வந்ததும் இவர்கள்தான். அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி, இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண் நாத்தின் சீடராகிக் குரலிசையில் மூழ்கியவர், இசையை எழுதிவைப்பதையே ஏறத்தாழ நிறுத்திவிட்டவர். க்ரோனோஸ் விடாமல் கேட்டது. குவார்டெட் படைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

உங்களோடு நான் முழுவதும் உடன்படும் இடமும் உண்டு. ஆண்டு விழாக் கச்சேரி என்றால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறும் ஆசை வந்துவிடுகிறது. அது இவர்களுடைய இசைக்குச் சரியான மேடை இல்லை என்றே நினைக்கிறேன். திரைப்பாட்டு மெட்டுகளைக் குவார்டெட்டுக்கு மாற்றியவற்றில் சில எனக்கும் மெலிந்தே ஒலிக்கின்றன. ஆர்.டி. பர்மன் பாடல்களை எடுத்துக்கொண்ட 2005ஆம் ஆண்டுத் தொகுப்பு நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம், எழுபதைக் கடந்த ஆஷா போஸ்லே வந்து அவற்றைப் புதிதாகப் பாடியதுதான். குரல் இல்லாமல் அந்த மெட்டுகளை மட்டும் வைத்து நான் அந்தக் குழுவுக்காக வாதாட மாட்டேன். ஆனால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர்கள் என்று அவர்களை எண்ணிவிடாதீர்கள். முழுதாக வாசித்தால் ஆறு மணி நேரம் வரை செல்லும் இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனின் இரண்டாவது குவார்டெட் படைப்பை 1983இல், சுருக்கிய வடிவில், முதன்முதலாக மேடையேற்றியவர்களும் அவர்களே.

ஆழத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1978 முதல் 1999 வரை ஹாரிங்டன், ஜான் ஷெர்பா, ஹாங்க் டட், ஜோன் ஜான்ரெனோ என்ற அதே நால்வர் ஒன்றாக வாசித்தார்கள். செல்லோ வாசிப்பவர் மாறிய பிறகும் மற்ற மூவர் தொடர்ந்தார்கள். நீங்கள் கச்சேரி கேட்ட அந்தப் பருவத்தோடுதான், 2024இல், ஷெர்பாவும் டட்டும் ஓய்வு பெற்றார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் மூச்சு இழுப்பதைப் பார்த்து இன்னொருவர் வில்லை எடுத்தவர்கள். உங்கள் குருநாதர் ஒரு ராகத்துக்குள் இறங்கினார். இவர்கள் ஒருவரையொருவர் கேட்பதற்குள் இறங்கினார்கள். அந்த இறக்கம் இல்லாமல் மாலியிலிருந்தும் அஜர்பைஜானிலிருந்தும் வந்தவற்றை அவர்கள் தொட்டிருக்கவே முடியாது என்பது என் நம்பிக்கை.

விழா முடிந்த பின்பு எஞ்சியிருப்பது என்ன என்றும் பாருங்கள். குழுவின் முதல் படைப்பை எழுதிய கென் பென்ஷூஃபுக்கு அவர்கள் கொடுத்த கூலி ஒரு பை டோநட். இன்று அவர்களுக்காக எழுதப்பட்டவையும் மாற்றியமைக்கப்பட்டவையும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2015இல் அறிவித்த 'ஃபிஃப்டி ஃபார் த ஃபியூச்சர்' திட்டத்தில் ஐம்பது படைப்புகளை இளம் குழுக்களுக்காகவே எழுதச் சொல்லி, இசைக்குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்தார்கள். தகாக் படைப்பு அதில் ஒன்று. தபலா மேதை ஜாகிர் உசேன் எழுதிய 'பல்லவி' இன்னொன்று. காட்டிவிட்டு மூடிவைப்பதைத்தானே கண்காட்சி என்கிறோம். இவர்கள் வாசித்த தாளையே அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஐம்பதில் மாலியின் பாலஃபோன் (மரப்பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) கலைஞர் ஃபோதே லசானா தியாபாதே அமைத்த 'சுன்ஜாத்தாஸ் டைம்' இருக்கிறது. மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தாவின் வாழ்வில் முக்கியமான நால்வரைப் பற்றி நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கருவி முன்னே நின்று பேசும். ஐந்தாம் பகுதியில் நான்கும் சமமாகச் சேர்கின்றன. மருமகளிடம் சொல்லி, செல்லோ முன்னே வரும் பகுதியை எடுக்கச் சொல்லுங்கள். அவர் தாளைப் பார்த்து வாசிக்கட்டும். நீங்கள் தாளைப் பார்க்காதீர்கள். காதால் வாங்கி, தரையில் உட்கார்ந்து, உங்கள் சுருதியிலேயே திருப்பி வாசியுங்கள். மகன் நடுவில் சேர்ந்துகொள்ளட்டும். எந்த இடத்தில் உங்கள் விரல் போக மறுத்தது, எந்த இடத்தில் அவர்களுடையது மறுத்தது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.