இனப்பெருக்க நல ஆய்வுக்கு வழிகாட்டி கிடைக்கவில்லையா?

கேள்வி: நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு மாணவி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) மாணவர்களுக்கு நடத்தும் குறுகியகால ஆய்வுத் திட்டத்துக்கு (எஸ்டிஎஸ்) விண்ணப்பிக்க ஆசை. கருத்தடை, பால்வினை நோய்கள் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது என் தலைப்பு. இரண்டு பேராசிரியர்களிடம் கேட்டேன். "இதெல்லாம் வம்பு, ரத்தசோகையை எடுத்துக்கொள்" என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். தலைப்பை மாற்றிவிடலாமா?

பதில்: இனப்பெருக்க நலத்தைக் கைவிடாதீர்கள். தலைப்பின் அகலத்தைக் குறையுங்கள்.

பேராசிரியர்கள் கூச்சப்பட்டு மறுக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டவேண்டாம். அப்படிப்பட்டவர்களும் உண்டு. பெரும்பாலோரின் கவலை வேறு. ஒரு மாணவியின் தகப்பனார் கேள்வித்தாளைக் கையில் பிடித்தபடி முதல்வர் அறைக்கு வந்து நின்றால் யார் பதில் சொல்வது? ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக் கூட்டத்தில் ஆட்சேபம் எழுந்தால் யார் சமாளிப்பது? எஸ்டிஎஸ் என்பது இரண்டு மாத வேலை. அதற்காக யார்தான் தலையைக் கொடுப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிய ஒரே ஒரு பக்கத்தை முதல் சந்திப்பிலேயே கொடுங்கள். பேச்சின் போக்கு மாறும்.

அந்தப் பக்கத்தில் முதலில் வரவேண்டியது வயது. கல்லூரியில் சேரும் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். 18 வயது நிரம்பாதவருடன் உடலுறவு கொள்வது, அவரே விரும்பியிருந்தாலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம்தான். அது தெரியவந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது பிரிவு 19. தெரிவிக்காவிட்டால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மருத்துவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் இது பொருந்தும். "யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று உறுதி கூறி ஒரு 17 வயதுப் பெண்ணிடம் அனுபவத்தைக் கேட்டுவிட்டு, பிறகு விழிப்பது அந்தப் பெண்ணுக்கும் துரோகம். சிறாரை ஆய்வில் சேர்க்கப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளில் விதிவிலக்குகள் உண்டு என்றாலும், முதல் ஆய்விலேயே அவற்றைக் கேட்டு வாதாட வேண்டாம். 18 நிரம்பியவர்களை மட்டும் சேர்ப்பேன், பெயரோ பதிவெண்ணோ கேட்கமாட்டேன், அனுபவத்தைத் தொடாமல் அறிவை மட்டும் கேட்பேன் என்று எழுதுங்கள். குழுவின் பாதி ஆட்சேபம் அங்கேயே கரைந்துவிடும்.

ஒப்புதலை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு வரலாறும் காரணம். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது ஒரு மாணவியின் ஆய்வில்தான், அதுவும் சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு அந்தத் தலைப்பைத் தந்தவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். நிர்மலா தயங்கினார், கணவர் ஊக்கம் கொடுத்தார். ரத்த மாதிரிகளைச் சேகரித்து வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்து, வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது சில மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அது 1986. இன்று உங்களுக்குக் கிடைத்த பதிலைவிடக் கடுமையான முகச்சுளிப்புகளுக்கு நடுவே, மாணவிக்குப் பின்னால் உறுதியாக நின்ற வழிகாட்டிக்கு சுனிதி நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் காப்பகத்திலிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அப்போது சொல்லப்படவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. 2017இன் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் விளக்கி ஒப்புதல் பெறாமல் பரிசோதிப்பதைத் தடுக்கிறது. எனவே நம்பிக்கை மையத்துக்கு (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) வருவோரை வைத்து ஆய்வு செய்யலாமே என்ற எண்ணம் வந்தால் தள்ளிவையுங்கள். அதற்கான அனுமதிகள் கைக்கு வருவதற்குள் உங்கள் இரண்டு மாதமும் ஓடியிருக்கும்.

இனி தலைப்பு. "மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும்" என்ற ஆய்வுகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. உங்களிடம் பலருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: உங்கள் மருத்துவமனையின் மகப்பேறு வார்டு. பிரசவமான கையோடு காப்பர்-டி பொருத்திக்கொள்ள மறுத்த தாய்மார்கள் ஏன் மறுத்தார்கள், முடிவெடுத்தது யார்? இது இரண்டு மாதத்தில் அடங்கும் கேள்வி. மாமியார் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கேட்டால் உண்மை வராது. தனியிடம் எது என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது வார்டுக்கு வெளியே காத்திருக்கும் கணவர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். கத்தியின்றிச் செய்யும் நவீன வாசெக்டமி (ஆண் கருத்தடைச் சிகிச்சை) பற்றி அந்த வராந்தாவில் நிற்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது போய்க் கேட்கத்தான் வேண்டும். பெண்ணாக நீங்கள் கேட்கத் தயங்கினால் ஒரு வகுப்புத் தோழரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாதிரி எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். வழக்கமான 4pq/L² சூத்திரத்தில் எதிர்பார்க்கும் விகிதம் p 50 சதவீதம், மீதி q 50 சதவீதம், அனுமதிக்கும் பிழை L 10 சதவீதம் என்று வைத்தால் 100 பேர் போதும். பிழையை 5 ஆக்கினால் 400.

வழிகாட்டியைத் தேடும்போது பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். சமூக மருத்துவத் துறையிலோ மகப்பேறு மகளிர் நலத் துறையிலோ அண்மையில் மாணவர் ஆய்வை முடித்துக்கொடுத்த உதவிப் பேராசிரியர் யார் என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். வார்டு அனுமதி மகப்பேறுத் துறையின் கையில், கேள்வித்தாள் அனுபவம் சமூக மருத்துவத்தின் கையில். ஒருவரை வழிகாட்டியாகவும் மற்றவரை இணை ஆய்வாளராகவும் கேட்டுப்பாருங்கள். நெறிமுறைக் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்பதை எஸ்டிஎஸ் அறிவிப்பு வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போனபின் அலைந்தால் தாமதமாகும்.

இந்தத் துறையில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஆய்வைப் பற்றிப் பேச உட்கார்ந்த வழிகாட்டி உங்கள் சொந்த வாழ்க்கையை விசாரிக்கத் தொடங்கினால், "தலைப்பே இதுதானே" என்ற சாக்கை ஏற்காதீர்கள். சந்திப்பு துறை அறையில், வேலை நேரத்தில் நடக்கட்டும். எல்லை மீறினால், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி உங்கள் கல்லூரியில் இருக்கவேண்டிய உள்ளகப் புகார்க் குழுவிடம் போகலாம். வழிகாட்டியை இழந்தால் ஓராண்டுதான் போகும்.

கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதையும் தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே பேசி, மின்னஞ்சலில் ஒருமுறை எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தபின் கேட்பது உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம்.