க்ரூயிட் பீர் என்றால் என்ன? வீட்டில் செய்தால் எப்படி இருக்கும்?

பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ பரவுவதற்கு முன், இன்றைய நெதர்லாந்து, ஜெர்மனிப் பகுதிகளில் பீரில் சேர்த்த மூலிகைக் கலவைதான் க்ரூயிட். சதுப்பு மிர்ட்டில், ‘யாரோ’ (yarrow) என்ற செடி, காட்டு ரோஸ்மேரி ஆகியவை அதில் முக்கியம். வீட்டுக்கு வீடு சாம்பார் பொடி மாறுவது மாதிரி, ஊருக்கு ஊர் அதன் அளவும் மாறியது.

மூலிகை எதற்கு? முளைகட்டிய பார்லியின் சாறு திகட்டும் இனிப்பு. புளித்த பிறகும் கொஞ்சம் தங்கிவிடும். அதைச் சமன்செய்ய ஒரு கசப்பு வேண்டும். ஹாப்ஸ் அதைச் செய்வதோடு, பீரைப் புளிக்கவைத்துக் கெடுக்கும் பாக்டீரியாவையும் தடுக்கிறது, ஊறுகாய்க்கு உப்பு போல. நாள்பட நின்ற ஹாப்ஸ் பீர் கப்பலேறி வெளியூர் போனது, க்ரூயிட் பின்தங்கியது.

செய்து பார்ப்பவர்கள் சதுப்பு மிர்ட்டிலை மட்டும் ஒரு சிட்டிகை போட்டுத் தொடங்குங்கள். காய்ந்த இலையைக் கசக்கினால் பிரிஞ்சி இலையும் யூகலிப்டஸும் கலந்த மாதிரி வாசம் வரும். அந்த வாசத்துக்காகவே செய்யலாம். காட்டு ரோஸ்மேரி மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் நச்சு உண்டு. அப்புறம், ஹாப்ஸ் இல்லாத பீர் நாள்பட நிற்காது, சீக்கிரம் குடித்து முடித்துவிடுங்கள்.

பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே சேர்க்கலாம் என்ற 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம்தான் ஐரோப்பா முழுக்க க்ரூயிட்டை ஒழித்தது என்பார்கள். அது சரியல்ல: அந்தச் சட்டம் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவுக்கு மட்டும்தான், வடக்கே உள்ள துறைமுக நகரமான ஹாம்பர்க் அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஹாப்ஸ் பீரை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது.